சத்தியமும் ‘ட்ரூத்’தும்: ஒரு சொல் விசாரணை

பவானியாற்றின் கரையிலே, மைசூர்ப் பீடபூமிக்கு ஏறிச்செல்லும் திம்பம் மலைப்பாதைக்குத் தெற்கே அமைந்த சத்தியமங்கலத்தைச் சுற்றுவட்டார மக்கள் ‘சத்தி’ என்று சுருக்கி வழங்குவர். ஆயினும் அவ்வூர்ப் பெயரின் முற்பாதியாகிய ‘சத்தியம்’ என்னும் சொல்லை அவர்கள் அன்றாடப் பேச்சில் வழங்கும் முறையைச் சற்றே ஊன்றிக் கவனித்தால், அகராதிகள் நெடுங்காலமாக நமக்குக் கற்பித்துவந்த ஒரு சமன்பாடு ஆட்டங்காணத் தொடங்குகிறது. கேள்விப்பட்ட செய்தி நடந்ததுதானா என்று ஐயுறும் கொங்கு நாட்டார் ‘நெசமாலுமா?’ என்றுதான் வினவுவர். ‘சத்தியமா?’ என்று ஒருவர் கேட்டாராயின், அவர் செய்தியைப் பற்றி விசாரிக்கவில்லை. செய்தி சொன்னவரை ஆணையிட அழைக்கிறார். ஆங்கில ‘ட்ரூத்’ என்ற சொல்லுக்கு நேரே உண்மை, மெய், வாய்மை, சத்தியம் என்று நான்கையும் ஒரே வரியில் அடுக்கிவிட்டு அமைதியடையும் அகராதி இந்த வேற்றுமையைக் காட்டுவதில்லை. ஆங்கிலச் சொல்லின் பூர்வோத்தரத்தையும் நம் சொற்களின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது விளங்கும் ஒன்றை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்: ‘ட்ரூத்’ என்பது மனிதனுடைய உறுதிப்பாட்டைக் குறித்துப் பிறந்து பொருள்களின் நிலையைக் குறிப்பதாக மாறிய சொல், ‘சத்தியம்’ என்பது பொருள்களின் இருப்பைக் குறித்துப் பிறந்து மனிதனுடைய உறுதிப்பாட்டைக் குறிப்பதாக நம்மிடையே நிலைபெற்ற சொல்.

முதலில் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில், இன்றைய ‘ட்ரூ’ என்ற சொல்லின் முன்வடிவம் நம்பத்தக்கவன், விசுவாசமுள்ளவன், தலைவனுக்கும் நட்புக்கும் பிழையாதவன் என்ற அர்த்தத்திலேயே வழங்கியது. ‘ட்ரூத்’ அத்தன்மையின் பெயர். நம்பிக்கையைக் குறிக்கும் ‘ட்ரஸ்ட்’, போரிடுவோர் தம்முள் செய்துகொள்ளும் தற்காலிக உடன்பாட்டைக் குறிக்கும் ‘ட்ரூஸ்’, திருமண நிச்சயத்தைக் குறிக்கும் ‘பிட்ரோதல்’ ஆகிய யாவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னதனுள் அடங்கிய ‘ட்ரோத்’ வேறொரு சொல்லன்று; ‘ட்ரூத்’ என்ற சொல்லே வேறு உச்சரிப்பில் நின்று, கொடுத்த வாக்கு என்ற பழம்பொருளை மட்டும் தன்னிடத்தே காத்துக்கொண்டது. ஆகவே அக்காலத்து ஆங்கிலேயன் ஒருவனுக்கு ‘ட்ரூத்’ என்பது அறியப்படும் பொருளன்று, கடைப்பிடிக்கப்படும் ஒழுக்கம்.

இக்குடும்பத்தின் ஆணிவேர் எது என்பதில் அறிஞர்கள் ஒருமித்து நிற்கவில்லை. ஹார்ன் டூக் என்ற ஆங்கிலேயத் தீவிர அரசியல் சீர்திருத்தவாதி, 1786இலும் 1805இலும் இரு பகுதிகளாக வெளிவந்த தம் சொல்லாராய்ச்சி நூலில், ‘ட்ரூத்’ என்பது எண்ணுதல், நம்புதல் என்னும் பொருளுடைய ‘ட்ரோ’ என்ற வினையிலிருந்து பிறந்ததென்றும், எனவே ஒவ்வொருவரும் எதை நம்புகிறாரோ அதுவே அவருக்கு உண்மையென்றும், மனிதரைக் கடந்து நிலையாக நிற்கும் உண்மையென ஒன்றில்லையென்றும் வாதித்தார். அவ்விரு சொற்களும் உறவுடையன என்பது சரி. ஆனால் ஒன்று மற்றொன்றின் பிள்ளையன்று, இரண்டும் உடன்பிறப்புகள் என்பதைப் பின்வந்த ஒப்பிலக்கணம் காட்டிவிட்டது. அன்றியும், ஒரு சொல் எங்கிருந்து பிறந்தது என்பதைக்கொண்டு அச்சொல் சுட்டும் பொருள் உண்டா இல்லையா என்று தீர்ப்பளிப்பது தருக்கப் பிழை. டூக்கின் முடிவு தவறாயினும், சொல்லின் வேரில் மனித நம்பிக்கை கிடக்கிறது என்று அவர் உய்த்துணர்ந்தது வீண்போகவில்லை.

டூக்குக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஜெர்மானிய அறிஞர் ஆஸ்டாஃப் 1901இல் மற்றொரு விளக்கம் தந்தார். மரத்தைக் குறிக்கும் ‘ட்ரீ’ என்ற ஆங்கிலச் சொல்லும், கருவாலி மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், நம் ‘தேவதாரு’ என்ற பெயரில் நின்று மரத்தைக் குறிக்கும் வடமொழித் ‘தாரு’வும் ஒரே வேரின. கருவாலியைப் போல் உரம்பெற்று நிற்பவனே உண்மையானவன் என்று ஆதியில் எண்ணினர் என்பது அவருடைய கொள்கை. பிரெஞ்சு அறிஞர் பென்வெனிஸ்த் இதனைத் திருப்பிப் போட்டார்: வேரின் முதற்பொருள் உறுதி என்பதே, உறுதியுடையதாதலால் மரம் அப்பெயர் பெற்றது, உறுதியுடையவனாதலால் மனிதனும் பெற்றான், மரத்திலிருந்து மனிதனுக்குப் பெயர் வந்ததென்பது பொருந்தாது. பருப்பொருளிலிருந்துதான் பண்புப்பெயர் பிறக்க வேண்டும் என்னும் வழக்கமான எண்ணத்தை மறுக்கும் இவ்வாதமே எனக்கு வலியுடையதாகத் தோன்றுகிறது. எவ்வாறாயினும், இருவர் முடிவிலும் உறுதி என்ற கருத்தே நடுநாயகமாக நிற்பது கவனிக்கத்தக்கது. ஹீப்ரு மொழியிலும் இதுவே நிலை: உண்மையைக் குறிக்கும் ‘எமெத்’ என்ற சொல்லும், பிரார்த்தனை முடிவிலே வரும் ‘ஆமென்’ என்ற சொல்லும் உறுதியைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து தோன்றியவை, இயேசுநாதர் ஒன்றை வலியுறுத்துமிடத்து மூலத்தில் இரட்டித்து வரும் ‘ஆமென்’ என்ற சொல்லைத்தான் தமிழ் விவிலியம் ‘மெய்யாகவே’ என்று பெயர்த்தது. மறைவின்மை அல்லது மறதியின்மை என்று பகுத்துரைக்கப்படும் கிரேக்கச் சொல் மட்டும் இவற்றினின்றும் விலகி வேறொரு வழியில் நிற்கிறது.

அப்படியாயின், உள்ளது உள்ளபடி இருத்தல் என்ற பொருளைப் பழைய ஆங்கிலம் எச்சொல்லால் உணர்த்திற்று என்ற வினா எழும். அதற்கு ‘ஸூத்’ என்ற சொல் இருந்தது. வருவதுரைப்போரைக் குறிக்கும் ‘ஸூத்சேயர்’ என்ற கூட்டுச்சொல்லில் மட்டும் இன்று ஒட்டிக்கொண்டிருக்கும் இச்சொல், வடமொழியின் ‘சத்’, ‘சத்திய’ ஆகிய சொற்களுக்கு இரத்த உறவு. இருத்தல் என்னும் வினையின் நிகழ்கால எச்சமே இவ்விரு மொழிகளிலும் உண்மைக்குப் பெயராயிற்று. எனவே அகராதி முறையிலே பார்த்தால், சத்தியத்துக்கு ஆங்கிலத்தில் நேரான சொல் ‘ஸூத்’தே அன்றி ‘ட்ரூத்’ அன்று. அந்தோ, அச்சொல்லின் வழிவந்த ‘ஸூத்’ என்ற வினைச்சொல்லுக்கு நேர்ந்த கதி விசித்திரமானது: முதலில் மெய்ப்பித்தல் என்றும், பிறகு ஒருவர் சொல்வதை ஆமென்று ஒப்புதல் என்றும், பின்னர் ஆமாம் போட்டு மகிழ்வித்தல் என்றும், இறுதியில் வலியைத் தணித்து ஆற்றுதல் என்றும் அதன் பொருள் இறங்கி வந்தது. மெய்ச்சொல் தன் ஆசனத்தை விட்டு இறங்கிய இடத்தில் ‘ட்ரூத்’ ஏறி அமர்ந்தது.

அந்த மாற்றம் எப்போது, எதனால் நிகழ்ந்தது என்பதைப் பற்றி ரிச்சர்ட் ஃபர்த் கிரீன் என்ற அறிஞர் 1999இல் வெளியிட்ட விரிவான நூல் ஒன்றுண்டு. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியே திருப்புமுனை என்பது அவர் துணிபு. கைகொடுத்தும் சாட்சிகளின் முன் வாய்மொழிந்தும் செய்துவந்த உடன்படிக்கைகள், எழுத்தும் முத்திரையும் கொண்ட பத்திரங்களுக்கு இடம்விட்ட காலம் அது. மனிதனுடைய சொல்லில் குடியிருந்த ‘ட்ரூத்’ அங்கிருந்து கிளம்பிப் பத்திரத்திலும் ஆதாரத்திலும் குடிபுகுந்தது. ஒழுக்கத்தின் பெயர் அறிவின் பெயராயிற்று. ‘ஃபேக்ட்’ என்ற சொல்லும் பின்னர் இதே திசையில் சென்றது. செய்யப்பட்டது என்னும் லத்தீன் பொருளோடு, பெரும்பாலும் குற்றச்செயலைக் குறித்து ஆங்கிலத்தில் வழங்கியது, காலப்போக்கில் செய்தவனை உதறிவிட்டு வெறும் நிகழ்வாக நின்றது.

இனி நம் பக்கம் திரும்புவோம். தமிழின் ‘உண்மை’ உள் என்னும் அடியிற் பிறந்து, உளதாம் தன்மையைக் குறிப்பது. பழைய உரையாசிரியர்களிடம் அதன் எதிர்ச்சொல் பொய்யன்று, இன்மை. இவ்வகையில் உண்மையும் வடமொழிச் சத்தியமும், ஒன்று மற்றொன்றினின்றும் பிறவாமலேயே, இருப்பு என்ற ஒரே கருத்திலிருந்து முளைத்தவை. ‘மெய்’ என்பது உடம்பையும், தீண்டியறியும் பொறியையும், இலக்கணத்தில் உயிரோடு சேர்ந்தியங்கும் எழுத்தையும் குறிப்பதோடு, பொய்க்கு மறுதலையாகவும் நிற்கிறது. ‘பொய்’யோ நாவின் குற்றத்தோடு நின்றுவிடவில்லை, பருவத்தில் பெய்யாத மழையைப் பொய்த்தது என்கிறோம். சொல்லாதவற்றின் மேலும் ஏறும் இவ்வழக்கிலே, உலகமே நமக்கு ஒரு வாக்குக் கொடுத்திருப்பதாகவும் அதைச் சிலபோது மீறுவதாகவும் கருதிய உழவனின் பார்வை அடங்கியிருக்கிறது.

‘வாய்மை’ என்பதற்கு இலக்கியத்தில் கிடைக்கும் சிறந்த ஆதாரம் திருக்குறளின் முப்பதாம் அதிகாரம். எவருக்கும் எவ்வகைத் தீங்கும் தராத சொல்லே வாய்மையென முதற்குறளிலேயே வரையறை செய்யும் வள்ளுவர், குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் அவ்விடத்தைப் பெறும் என்று அடுத்த குறளிலேயே கூறுகிறார். நிகழ்ந்ததைக் கூறல் வாய்மையென்று கொள்வோர்க்கு இது திகைப்பளிக்கும். சொல்லுகின்றவனுக்கும் கேட்கின்றவனுக்கும் இடையேயுள்ள கடப்பாட்டின் பெயரே வாய்மை என்று கொள்வோர்க்கு இதில் முரணில்லை. பொருள்களின் மெய்ந்நிலையை அறிதலுக்கு அவர் ‘மெய்யுணர்தல்’ என்று வேறோர் அதிகாரமே வகுத்திருப்பதும் இதற்குச் சான்று. உள்ளத்தால் நிகழ்வது உண்மை, வாயால் நிகழ்வது வாய்மை, மெய்யால் நிகழ்வது மெய்மை என்று மேடைகளில் பெரிதும் எடுத்தாளப்படும் முக்கூற்று விளக்கம் கேட்க இனியதே. எனினும் இன்மைக்கு எதிராக உண்மையை வைத்த உரையாசிரியர்களின் பிரயோகத்தோடு அது ஒத்துவரவில்லையாதலின், அதனைச் சொற்பிறப்பாகக் கொள்ளாமல் நன்னெறிப் போதனையாக மட்டும் கொள்வதே தகும்.

‘நெசம்’ என்று கொங்கு நாட்டார் வழங்குவது, தனக்கு உரியது, இயல்பாயுள்ளது என்று பொருள்படும் ‘நிஜ’ என்ற வடசொல். தாளவாடி முதலிய மலைப்பகுதிகளில் தமிழோடு கலந்து வழங்கும் கன்னடத்திலும் அது உண்மையையே குறிக்கும். நடந்ததைக் குறிக்க நெசம் இருக்கையில், சத்தியம் வேறொரு வேலைக்கு விடுதலை பெற்றது. தலையில் கைவைத்துச் சத்தியம், கையில் அடித்துச் சத்தியம், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம், குலதெய்வத்தின் பெயரால் சத்தியம் என்று எத்தனை வகை! இந்தப் பொருள்மாற்றத்தின் வித்து வடமொழியிலேயே இருந்தது என்பதையும் கூறவேண்டும். அரிச்சந்திரனும் இராமனும் ‘சத்தியசந்தர்’ எனப்பட்டது அவர்கள் சொன்ன சொல் காத்ததனால். பாலி மொழியின் மிலிந்தன் வினாக்களில், பிந்துமதி என்னும் கணிகை அசோக மன்னன் முன்னிலையில் தன் வாழ்வின் ஒரு சத்தியத்தை மொழிந்து கங்கையை எதிர்த்தோடச் செய்தாள் என்ற கதை வருகிறது. ஆனால் வடமொழியில் பல பொருள்களுள் ஒன்றாக இருந்தது, தமிழ்ப் பேச்சில் தலைமைப் பொருளாயிற்று. அதற்குக் காரணம் என்ன?

காலியான ஓர் ஆசனமே காரணம் என்பது என் கருத்து. சங்ககாலத் தமிழில் ஆணைமொழிக்குச் ‘சூள்’ என்றும் ‘வஞ்சினம்’ என்றும் சொற்கள் இருந்தன. போர்க்களத்து மன்னன் கூறியது வஞ்சினம். காதலன் தெய்வத்தின் மேல் வைத்துரைத்தது சூள். பொய்ச்சூள் உரைத்தவனைத் தெய்வம் வருத்தும் என்ற அச்சம் பரிபாடலிலும் பேசப்படுகிறது. பொய்யும் குற்றமும் தலைகாட்டிய பிறகே திருமணத்துக்குச் சடங்குகள் வகுக்கப்பட்டன என்று தொல்காப்பியம் கூறுவதும், வெறும் வாய்ச்சொல்லே ஒருகாலத்தில் போதுமானதாயிருந்தது என்ற நினைவைப் பாதுகாக்கிறது. சூள் என்ற சொல் மக்கள் நாவிலிருந்து நீங்கியபோது அதன் இடத்தில் சத்தியம் அமர்ந்தது. கட்டளையைக் குறித்த ‘ஆணை’யும் துணைக்கு வந்தது. ஆங்கிலத்தில் ‘ஸூத்’ விட்ட இடத்தை ‘ட்ரூத்’ பற்றியது போன்றே இங்கும் நிகழ்ந்தது. திசை மட்டும் நேர் எதிர்.

இது சத்தியம் என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. அறிவு பிறக்கும் கருவியைக் குறித்துத் தருக்க நூலார் ஆண்ட ‘பிரமாணம்’ நம்மிடம் பதவிப் பிரமாணமாகவும் பிரமாணப் பத்திரமாகவும் வாழ்கிறது. நீதிமன்றத்தில் நாம் பிரமாணப் பத்திரம் என்று கூறுவதை இலங்கைத் தமிழர் ‘சத்தியக் கடதாசி’ என்கின்றனர். எழுத்து வந்ததும் ஆங்கிலத்தில் ‘ட்ரூத்’ மனிதனை விட்டுப் பத்திரத்துக்குச் சென்றது. யாழ்ப்பாணத்திலோ பத்திரமே சத்தியம் செய்யலாயிற்று.

சட்டத்தின் வரலாற்றிலும் இந்த இழுபறி காணப்படுகிறது. துலை, அக்கினி, நீர், விஷம், தெய்வத்தைத் திருமுழுக்காட்டிய தீர்த்தம் ஆகிய ஐவகைச் சோதனைகளை யாக்ஞவல்கிய ஸ்மிருதி விதித்தது. கும்பினியார் ஆட்சியில், கங்கைநீர் மீதும் குர்ஆன் மீதும் செய்யும் சத்தியங்களை நீக்கி உறுதிமொழியை வைத்தது 1840ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் 1873ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டமோ, தம் சமூகத்தாரிடையே வழங்கும் முறையில் எதிர்க்கட்சிக்காரர் சத்தியம் செய்வாரானால் அதற்குத் தாம் கட்டுப்படுவதாக ஒருவர் முன்வந்தால், அவ்வாறு சத்தியம் செய்து கூறியது முடிவான சான்றாகும் என்று வைத்தது. கோயில் முன்றிலில் செய்த சத்தியம் மன்றத்து வழக்கைத் தீர்த்துவைத்த காலம் அது. 1969ஆம் ஆண்டின் சட்டத்தில் அவ்விதிகள் இடம்பெறவில்லை. நீதிக்கு ஆதாரம் வேண்டுமென்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. அச்சத்தாலும் சாதிக் கட்டுப்பாட்டாலும் எளியவரைப் பொய்ச்சத்தியத்துக்கு இழுத்துச்செல்லும் கொடுமைக்கு அப்பழைய முறை இடங்கொடுத்தது என்பதையும் மறுக்க இயலாது.

எனினும் சத்தியத்தின் இப்பொருளில் ஒரு மாண்பு உண்டு. திம்பத்துக்கு அப்பால் கன்னட நாட்டார் பாடிவரும் புண்ணியகோடி என்ற பசுவின் கதையை அறியாதார் அப்பக்கத்தில் அரியர். பசித்த புலியின் பிடியில் அகப்பட்ட பசு, கன்றுக்குப் பாலூட்டிவிட்டு மீள்வேன் என்று வாக்களித்து, அவ்வாறே திரும்பி வந்து நிற்கிறது. அதன் சத்தியத்தைக் கண்ட புலி தின்ன மாட்டாமல் மலையினின்றும் வீழ்ந்து மடிகிறது. ஆங்கிலக் கவி சாசர், பதினான்காம் நூற்றாண்டில், ஃபிராங்க்லின் என்ற பாத்திரம் கூறுவதாக அமைத்த கதையிலும் இதே எலும்புக்கூட்டைக் காண்கிறோம்: விளையாட்டாகக் கொடுத்த வாக்கில் சிக்கிய டோரிஜென் என்ற மனைவியை, ‘ட்ரூத்’ காக்கப்பட வேண்டுமென்று கணவனே வாக்குப் பெற்றவனிடம் அனுப்புகிறான், அவர்களுடைய உறுதியைக் கண்டு நெகிழ்ந்த அவன் அவளை விடுவித்து அனுப்புகிறான். இரண்டிலும் வாக்கைக் காத்தவர் வாக்குக்குரியவரின் மனத்தை வெல்கிறார். சாசர் காலத்து ‘ட்ரூத்’தும் நம் பாட்டிமார் கூறிய சத்தியமும் இவ்விடத்தில் அச்சுப் பிசகாமல் ஒன்றாகின்றன, அவ்விரு சொற்களும் எதிரெதிர்த் திசையில் சென்றபோது சந்தித்த இடம் இது. 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் வனத்தின் பெயரிலேயே சத்தியம் நிற்பது பொருத்தமானதே.

இருபதாம் நூற்றாண்டில் காந்தியடிகள் இச்சொல்லுக்கு அதன் மூலப்பொருளை மீண்டும் அளிக்க முயன்றார். 1908இல் தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்த அவர், 1930இல் எரவாடாச் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில், ‘சத்’ என்பதிலிருந்தே சத்தியம் பிறந்ததென்றும், அதுவன்றி வேறெதற்கும் உண்மையான இருப்பில்லையென்றும் விளக்கினார். அவருக்கு முன்னரே வள்ளலார் 1867இல் சத்திய தருமச்சாலையையும் 1872இல் சத்திய ஞான சபையையும் வடலூரில் நிறுவியபோது இதே பெரும்பொருளைக் கருதினார். கிறிஸ்தவர்கள் தம் மறைநூலைச் சத்திய வேதம் என்றதும் இவ்வழியே. ஆக, மேலோர் நூல்வழக்கில் சத்தியம் பரம்பொருளாகவும், மக்கள் பேச்சுவழக்கில் ஆணையாகவும், ஒரே சொல் இரு வாழ்வு வாழ்கிறது. நாட்டின் இலச்சினை சத்தியத்தைப் பொறித்துக்கொள்ள, தமிழ்நாட்டின் இலச்சினை அவ்விடத்தில் வாய்மையைப் பொறித்துக்கொண்டது. இருப்பைச் சுட்டும் ‘உண்மை’யை விடுத்து, சொல்லுவோனைச் சுட்டும் ‘வாய்மை’யைத் தேர்ந்தவர்கள் தமிழ் மரபை நன்குணர்ந்தே தேர்ந்தார்கள் என்று துணிந்து கூறலாம்.

இவ்வளவும் கண்டபின், ‘ட்ரூத்’ என்ற ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்ப்போர், நிகழ்ந்தவற்றின் நிலையைப் பற்றிய பேச்சாயின் ‘உண்மை’ என்றும், சொல்லுவோனின் நேர்மையைப் பற்றியதாயின் ‘வாய்மை’ என்றும், பழைய ஆங்கில நூல்களில் கொடுத்த வாக்கைக் குறிக்குமிடத்துத் தயக்கமின்றிச் ‘சத்தியம்’ என்றும் வழங்குவதே முறை என்பது என் முடிபு.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி நூல்வழக்கை விரிவாகத் தொகுத்தது. 2000இல் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைத் தந்தார். ஆயினும் கடம்பூர் மலையிலும், தாளவாடியிலும், புளியம்பட்டிச் சந்தையிலும், பன்னாரிக் குண்டத்துக்கு வரும் கூட்டத்திலும் முதியோர் வழங்கும் ஆணைச்சொற்களும், சத்தியம் செய்யும் முறைகளும், அவற்றுக்குரிய விலக்குகளும் தனியே திரட்டப்பட வேண்டியவை. கல்லூரிகளில் தமிழ் பயிலும் கொங்கு நாட்டு இளைஞர்கள், தத்தம் ஊர்ப் பெரியவர்களிடம் அமர்ந்து அவற்றைக் கேட்டு, சொன்ன இடத்தையும் சந்தர்ப்பத்தையும் சேர்த்தே எழுதிவைக்க முன்வர வேண்டும்.